மரவீட்டின் சுவர்கள்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார். வட்டத்தின் வளர்ச்சியைப் பற்றியோ, இன்றைய கவிதையின் போக்கைப் பற்றியோ பேசுவதற்கு என்னினும் தக்கார் பலர் இவ்வவையில் இருக்கின்றனர். ஆகவே நான் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கோயிலன்று, அரண்மனையன்று, மரப்பலகைகளால் ஆன ஈரடுக்குக் கொட்டகை ஒன்று. கட்டியவர்களே அதை மதிக்கவில்லை. கவிஞர் கூடிய அவையில் கட்டடத்திற்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இதைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. சென்ற திங்கள் மலர்க்குழு கூடியபோது, அஞ்சலில் வந்திருந்த இரண்டு பாடல்கள் மேசைமீது கிடந்தன. எழுதியவர் பெயரில்லை, முகவரியில்லை. “யார் எழுதியது என்று தெரியாத பாட்டை எப்படி அச்சேற்றுவது?” என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். திருட்டுப் பாட்டாயிருந்தால் வட்டத்திற்கல்லவா இழுக்கு? நானும் அன்று வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் அந்த மரக்கொட்டகை நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் நடுவே ஏஞ்சல் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 740 ஏக்கர். கடற்கரை மிவோக் என்னும் பழங்குடியினர் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் வந்து தங்கிய இடம். 1775இல் ஹுவான் மானுவல் தே அயாலா என்ற ஸ்பானியக் கப்பல் தலைவன் இங்கே நங்கூரமிட்டுத் தேவதூதர்களின் பெயரைச் சூட்டினான். 1863இல் அமெரிக்கப் படை முகாம் அமைத்தது. 1891இல் கப்பலில் வருவோரைத் தொற்றுநோய்க்காக ஒதுக்கிவைக்கும் நிலையம் வந்தது. சிறிய தீவுகளுக்கு உலகெங்கும் இதுவே தலையெழுத்துப் போலும்! கரையில் வைத்துக்கொள்ள விரும்பாத எதையும் அங்கே கொண்டுபோய் வைப்பார்கள்.

நான் சொல்லவந்த கட்டடம் இவற்றுக்குப் பின்னர் எழுந்தது. தீவின் வடகிழக்கில் உள்ள சிறு குடாவொன்றில் குடிவரவு நிலையம் ஒன்றைக் கட்டி, 1910 ஜனவரி 21ஆம் நாள் திறந்தார்கள். நிர்வாகக் கட்டடம், மருத்துவமனை, தடுப்பு விடுதி எனப் பல கட்டடங்கள் சேர்ந்தது அந்நிலையம். அவற்றுள் தடுப்பு விடுதிதான் நம் கதைத்தலைவன்.

எதற்காகத் தடுத்துவைத்தார்கள் என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லவேண்டும். பொன் தோண்டவும் இருப்புப்பாதை போடவும் சீனத்தின் தென்கோடியிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்கள் வந்தார்கள். பாதை போட்டு முடிந்தபின் அவர்கள் வேண்டாதவராயினர். 1882இல் அமெரிக்கா சீன விலக்குச் சட்டத்தை இயற்றியது. உடலுழைப்பாளர் எவரும் உள்ளே வரலாகாது. வணிகர், மாணவர், ஆசிரியர் போன்ற சிலர்க்கே விலக்கு. அமெரிக்கக் குடிமகனாக உள்ள சீனர் ஒருவரின் பிள்ளையாயிருந்தாலும் வரலாம். 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் நேர்ந்த நிலநடுக்கமும் பெருந்தீயும் நகரின் பிறப்புப் பதிவேடுகளைச் சாம்பலாக்கின. ஏடு எரிந்தது, ஒரு வழி திறந்தது. “நான் இங்கேயே பிறந்தவன்” என்று ஒருவர் சொன்னால் மறுக்க ஏடில்லை. அவ்வாறு குடிமகனானவர், ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் “எனக்கொரு மகன் பிறந்தான்” என்று எழுதிவைப்பார். பிறவாத அந்த மகனின் பெயரை வேறொருவர் வீட்டு இளைஞன் விலைகொடுத்து வாங்கிக் கப்பலேறுவான். இவர்களைக் காகிதப் பிள்ளைகள் என்று அழைத்தனர்.

அரசுக்கும் இது தெரியும். அதனால் வந்தது விசாரணை. உன் வீடு எத்திசை நோக்கியது? வாயிலுக்கு எத்தனை படிகள்? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கும்? உன் தெருவில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்? இதே கேள்விகளைத் தந்தையென்று சொல்லப்பட்டவரிடமும் கேட்பார்கள். இரண்டு விடைகளும் ஒத்துவர வேண்டும். இதற்கென்றே வினாவிடைக் கையேடுகளை எழுதி, கப்பலில் உருப்போட்டு, கரை தெரியும்போது கடலில் எறிந்துவிடுவார்களாம். இதில் ஒரு கொடுமை என்னவெனில், உண்மையான மகனும் தன் வீட்டுப் படிகளை எண்ணி வைத்திருப்பதில்லை. நம்மில் எத்தனை பேர் நாம் பிறந்த வீட்டின் படிகளை எண்ணியிருக்கிறோம்?

கிழக்குக் கரையில் எல்லிஸ் தீவில் இறங்கிய ஐரோப்பியருள் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் நகருக்குள் போய்விட்டனர். ஏஞ்சல் தீவில் இறங்கிய சீனர் வாரக்கணக்கில், திங்கள்கணக்கில் கிடந்தனர். ஏறத்தாழ ஈராண்டு கிடந்தவரும் உண்டு. ஆண்களும் பெண்களும் வேறு வேறு இடங்களில். கணவனும் மனைவியும் விசாரணை முடியுமட்டும் சந்திக்கவியலாது. சாளரங்களில் கம்பிவலை, கதவில் வெளிப்பூட்டு. இரும்புத் தூண்களில் மூன்றடுக்காகத் தொங்கும் படுக்கைகள். சாளரத்தின் வழியே கடலும், மூடுபனியும், பனி விலகும்போது எதிர்க்கரையும் தெரியும். கரைக்கு ஒரு படகுப் பயணந்தான்.

இந்நிலையில், பதினேழு பதினெட்டு அகவை இளைஞன் ஒருவன் என்ன செய்வான்? சுவரில் எழுதினான்.

முதலில் தூரிகையாலும் மையாலும், பென்சிலாலும் எழுதினர். நிர்வாகம் அதைக் கிறுக்கல் என்று கருதிச் சுவருக்கு வண்ணம் பூசியது. பின்னர்க் கத்தியால் செதுக்கினர். செதுக்கிய எழுத்தை மக்கு வைத்து அடைத்து, அதன்மேலும் வண்ணம் பூசினார்கள். பூசியது காய்ந்ததும் அதன்மேல் வேறொருவன் செதுக்கினான். முப்பதாண்டுக் காலம் இப்படியே நடந்தது. வண்ணம் அடுக்கடுக்காக ஏறியது; பாட்டும் ஏறியது.

இங்கே ஒன்றை நாம் நின்று நோக்கவேண்டும். அழிப்பதற்காகப் பூசிய மக்கும் வண்ணமுமே பிற்காலத்தில் அந்த மரத்தை ஈரத்திலிருந்து காத்தன. ஆண்டுகள் செல்லச்செல்ல மக்கு சுருங்கியது; எழுத்தின் பள்ளம் மீண்டும் தென்பட்டது. திட்டமிட்டு யாரும் செய்த வேலையன்று இது. அழிக்க நினைத்தவன் கையாலேயே காப்பும் நடந்துவிட்டது.

பாடல்களைப் பற்றிச் சொல்கிறேன். கண்டெடுக்கப்பட்டவை ஏறத்தாழ இருநூறு. பெரும்பாலானவை மரபுச் செய்யுட்கள். நான்கடி அல்லது எட்டடி. அடிக்கு ஐந்து எழுத்து அல்லது ஏழு எழுத்து. இயைபுக்கும் ஒலிக்கும் கட்டுப்பாடு உண்டு. நம் வெண்பாவைப் போல், சிற்றூர்ப் பள்ளியில் படித்தவனும் தட்டுத்தடுமாறிக் கட்டிவிடக்கூடிய, ஆயினும் நன்றாகக் கட்டுவது அரிதான யாப்பு. பலவற்றில் தளை தட்டுகிறது. எழுத்துப் பிழைகளும் உண்டு என்று சீனம் கற்றோர் சொல்கின்றனர். உழவர் வீட்டுப் பிள்ளைகள் எழுதியவை வேறு எப்படியிருக்கும்?

பாடுபொருள் பெரும்பாலும் நாம் எதிர்பார்ப்பதே: ஊர் நினைவு, பெற்றோர் பட்ட கடன், நிலவு, பூச்சிகளின் ஒலி, மூடுபனி. தங்களை அடைத்துவைத்த இடத்தை அவர்கள் மரவீடு என்றே பாடினார்கள். இன்னொரு வகையும் உண்டு. என்றேனும் ஒருநாள் இம்மரவீட்டை இடித்துத் தரைமட்டமாக்குவேன் என்று வஞ்சினம் கூறும் பாடல்கள். சோகப் பாடல்களையே எடுத்துக்காட்டி, சினப் பாடல்களை ஒதுக்கிவிடும் வழக்கம் பிற்காலத்தாரிடம் காணப்படுகிறது. எனக்கு அது உடன்பாடன்று. அழுகிறவனுக்கு இரங்குவது எளிது. பல்லைக் கடிக்கிறவனைக் கேட்பதுதான் அரிது.

தம் துன்பத்திற்கு ஒப்பாக அவர்கள் பழங்கதைகளை அழைக்கிறார்கள். யூலி என்னுமிடத்தில் சிறைப்பட்ட வென் வேந்தன். எதிரிகளிடம் பத்தொன்பது ஆண்டு ஆடு மேய்த்தும் தன் நாட்டை மறவாத தூதன் சூ வூ. தோல்வியை மறவாதிருக்கப் பித்தை நக்கிக் கொண்டிருந்த மன்னன் கௌஜியன். விறகுவெட்டி மகன் வேந்தர்களோடு தன்னை நிறுத்திக்கொள்கிறான். இதைப் படித்தபோது எனக்குச் சேரமான் கணைக்கால் இரும்பொறை நினைவுக்கு வந்தான். செங்கணானிடம் தோற்று, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டு, காலந்தாழ்த்தி வந்த நீரைப் பருகாமல் பாடிய அப்பாட்டு புறநானூற்றில் 74ஆம் பாட்டாய் நிற்கிறது. அவன் மன்னனாதலால் பெயரும் கதையும் பாட்டோடு வந்தன. காவலர் நீட்டிய சோற்றை உண்ணமுடியாமல் மரவீட்டில் கிடந்தவனுக்கு அப்படி ஓர் அடிக்குறிப்பு எழுத யாருமில்லை.

அவர்களில் மிகப்பலர் பெயர் எழுதவில்லை. தண்டனைக்கு அஞ்சினர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது மெய்தான். ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. காகிதப் பிள்ளையாக வந்தவன் எந்தப் பெயரை எழுதுவான்? தாய் இட்ட பெயரை எழுதினால் மாட்டிக்கொள்வான். விலைக்கு வாங்கிய பெயரை எழுதினால் தன் பாட்டை வேறொருவனுக்குத் தாரைவார்த்தவன் ஆவான். பெயரை விட்டுவிட்டால்தான் பாட்டு அவனுடையதாக எஞ்சும்.

தமிழர்க்கு இது புதிதன்று. தொகை நூல்களில் ஆசிரியர் பெயர் காணப்பெறாத பாடல்கள் நூற்றுக்கு மேல். பெயர் மறைந்த புலவர்க்கு அவர் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராகச் சூட்டினர் நம் முன்னோர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், விட்ட குதிரையார். யார் எழுதியது என்று கேட்டு, விடை கிடைக்காதபோது பாட்டைத் தள்ளிவிடாமல், பாட்டையே தாயாக்கிப் புலவனைப் பெற்றெடுத்த மரபு நம்முடையது. மலர்க்குழு நண்பர்கள் பொறுத்தருள்க.

பாடல்கள் எப்படித் தப்பின என்பதற்கு வருகிறேன். தடுப்பில் இருந்தவர்களிலேயே இருவர், சுவரில் கண்டவற்றைத் தாளில் படியெடுத்தார்கள். 1931இல் ஸ்மைலி ஜான் என்பவர் 92 பாடல்களையும், 1932இல் டெட் யீ என்பவர் 96 பாடல்களையும் எழுதிக்கொண்டு வெளியே வந்தனர். பல பாடல்கள் இருவர் படிகளிலும் உள்ளன. சொல்லுக்குச் சொல் ஒத்தில்லை. படியெடுத்தவர் திருத்தினாரா, சுவரிலேயே மாறியதா? ஏட்டுச்சுவடிகளோடு பழகிய நம் பதிப்பாசிரியர்களுக்கு இத்தொல்லை நன்கு தெரியும். பாடவேறுபாடு என்று அடியில் குறிப்பது எளிது. மூலம் மரத்தில் செதுக்கப்பட்டு மக்கால் அடைக்கப்பட்டிருக்கும்போது ஒப்புநோக்குவது எப்படி?

இனி கட்டடத்தின் கதை. 1922லேயே குடிவரவுத் துறையின் தலைமை அதிகாரியே இந்நிலையம் அழுக்கடைந்தது, மனிதர் தங்கத் தகாதது என்று சொல்லிவிட்டார். மரக்கட்டடங்களாதலால் தீப்பிடிக்கும் என்ற அச்சமும் இருந்தது. ஆயினும் மேலும் பதினெட்டு ஆண்டு ஓட்டினார்கள். 1940 ஆகஸ்டு 12ஆம் நாள் நிர்வாகக் கட்டடம் எரிந்தது. அதன் பிறகே, நவம்பர் மாதம், எஞ்சியிருந்தவர்களைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். சட்டம் மட்டும் போகவில்லை. சீனம் போரில் கூட்டாளியான பின், 1943இல்தான் விலக்குச் சட்டத்தை நீக்கி, ஆண்டுக்கு 105 பேர் வரலாமென்று கதவைக் கீற்றளவு திறந்தார்கள்.

தீவு மீண்டும் படையின் கைக்கு வந்தது. தடுப்பு விடுதியில் இப்போது போர்க்கைதிகள். பேர்ல் துறைமுகத் தாக்குதலில் பிடிபட்ட முதல் ஜப்பானியப் போர்க்கைதியான கசுவோ சகமாகி இத்தீவின் வழியாகக் கொண்டுசெல்லப்பட்டவர். ஜப்பானியரும் ஜெர்மானியரும் அதே சுவர்களில் தம் மொழிகளில் எழுதினர். சீன இளைஞன் செதுக்கிய பலகைக்குப் பக்கத்துப் பலகையில், அவன் நாட்டின்மேல் படையெடுத்த நாட்டின் வீரன் எழுதுகிறான்! இருவர்க்கும் அந்தச் சுவர் மறுப்புச் சொல்லவில்லை.

1946இல் படை போய்விட்டது. பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடையே தீவின் வேறு பகுதியில் ஏவுகணைத் தளம் ஒன்றை வைத்திருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். 1963 அளவில் தீவு முழுவதும் கலிபோர்னியா மாநிலப் பூங்காவாயிற்று. படகிலேறி வருபவர்கள் மலைமீது நடந்தார்கள், கடற்கரையில் உணவுண்டார்கள். குடாவின் ஓரத்தில் கண்ணாடி உடைந்து, வண்ணம் உரிந்து, தளம் இற்று, மழையொழுகிக்கொண்டு ஒரு கொட்டகை நின்றது. இடித்துவிடுவதென்று முடிவாயிற்று. நல்ல நோக்கந்தான், குழந்தைகள் ஓடியாடும் பூங்காவில் இடிந்துவிழும் கட்டடம் எதற்கு?

1970இல் அலெக்சாண்டர் வைஸ் என்னும் பூங்காக் காவலர் உள்ளே போனார். அவரும் குழந்தைப் பருவத்தில் நாட்சிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து வந்தவர். கைவிளக்கின் ஒளி சுவரில் சாய்வாக விழுந்தபோது எழுத்துகள் எழுந்தன. அவருக்குச் சீனம் தெரியாது. ஆயினும் அது கிறுக்கலன்று என்று தெரிந்துகொண்டார். மேலதிகாரிகளிடம் சொன்னார், அவர்கள் பொருட்படுத்தவில்லை. தாம் படித்த சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியின் பேராசிரியர் ஜார்ஜ் அராக்கியிடம் சொன்னார். அராக்கி, மாக் தகஹாஷி என்ற ஒளிப்படக்காரரை அழைத்துவந்து சுவர்களைப் படமெடுக்கச் செய்தார். செய்தி பரவியது. அந்த மரவீட்டின் வழியே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரண்டார்கள். 1976இல் மாநிலச் சட்டமன்றம் கட்டடத்தைக் காக்க இரண்டரை இலட்சம் டாலர் ஒதுக்கியது.

உ.வே.சா. ஊர்ஊராய் அலைந்து ஏடு தேடியதை நாம் போற்றுகிறோம், போற்றவேண்டியதே. அவர் தாம் தேடுவது இன்னதென்று அறிந்து தேடினார். படிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருப்பதைக் கண்டு, இதை இடிக்கலாகாது என்று ஊரைக்கூட்டிய அந்தக் காவலரையும் அவர் பக்கத்தில் ஒரு சிறு இருக்கையில் அமர்த்தலாம் என்பது என் எண்ணம்.

பதிப்பு வேலையை மூவர் மேற்கொண்டனர்: ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யங். ‘ஐலண்ட்’ என்ற பெயரில் 1980இல் அவர்கள் நூல் வந்தது. தீவு என்பதே பொருள். 135 பாடல்கள், மொழிபெயர்ப்பு, தடுப்பில் இருந்தவர்களின் வாய்மொழி நினைவுகள். தொகுப்பாசிரியர் பெயர்களையே பாருங்கள். லாய் என்பது தந்தை காகிதத்தில் வாங்கிய குடும்பப் பெயர். மெய்யான குடும்பப் பெயர் மார்க். பிள்ளைகள் அதை மறந்துவிடக்கூடாதென்று அத்தந்தை நடுப்பெயராக வைத்தார். ஜூடி யங்கின் தந்தையும் 1921இல் அத்தீவில் தடுத்துவைக்கப்பட்டவர். யங் என்பதும் காகிதப் பெயரே. பொய்ப்பெயரை முகப்பில் தாங்கிய நூலில் பெயரற்றவர்களின் மெய்ப்பாடல்கள் அச்சாயின. நூலுக்கு நினைவுரை தந்த முதியவர்களுள் பலர் அப்போதும், நாற்பதாண்டு கழிந்த பின்னும், தம் பெயரை வெளியிட ஒப்பவில்லை. பிடித்து அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் அவ்வளவு ஆழம். 2014இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவர்கள் பெயர்கள் வெளியாயின.

அதன்பிறகு கட்டடத்தின் கதை ஏறுமுகம். 1983இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 2008 அக்டோபரில் தீவில் பெருந்தீ பரவி ஏறத்தாழப் பாதித் தீவைக் கருக்கியது, மரவீடு தப்பியது. 2009இல் செப்பம் செய்து மீண்டும் திறந்தனர். இடிந்துகிடந்த மருத்துவமனைக் கட்டடம் 2022இல் அருங்காட்சியகமாயிற்று. பூட்டுவதற்குக் கட்டிய வீடு. காண வருகிறவர்களுக்காக இப்போது திறந்துவைக்கிறார்கள்.

ஒருமுறை நானும் படகேறிப் போய்ப் பார்த்தேன். குளிர்காற்றில் காது வலித்தது. உள்ளே, படுக்கைகளைத் தொங்கவிட்ட தூண்கள் வரிசையாக நின்றன. சுவரில் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மங்கிய வண்ணம் பூசிய பலகைகள், அவ்வளவே. பக்கவாட்டில் நகர்ந்து, ஒளி சாயும் கோணத்திலிருந்து பார்த்தபோது, மேலிருந்து கீழாக இறங்கும் வரிசைகள் புலப்பட்டன. செப்பம் செய்தவர்கள் எழுத்துக்கு மையேற்றி எடுப்பாகக் காட்டவில்லை. வண்ணத்தை முழுதும் சுரண்டிவிடவும் இல்லை. பூசியதும் வரலாறு, செதுக்கியதும் வரலாறு என்று விட்டிருந்தனர். என்னுடன் வந்த நண்பர், “இவ்வளவு மங்கலாக இருந்தால் யார் பார்ப்பார்கள்?” என்றார். எனக்கு அந்த மங்கல்தான் பிடித்திருந்தது. தேடுகிறவனுக்கே தெரிகிற எழுத்து அது.

அச்சுவர்களில் சீனம் மட்டுமில்லை. ஜப்பானியம், கொரியம், உருசியம், பஞ்சாபி முதலிய மொழிகளிலும் எழுத்துகள் உண்டு. அத்தீவின் வழியே வந்தோருள் மிக உயர்ந்த விகிதத்தில் திருப்பி அனுப்பப்பட்டோர் இந்தியர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பெஷாவரிலிருந்து வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் 1915இல் மனைவி கலாவோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்து, சில நாள் தடுப்பிலிருந்து, உள்ளே விடப்பட்டார். பின்னர் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். 1923இல் இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்கு உரியர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, கொடுத்ததைப் பறித்தார்கள். 1928இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் தம் காரணத்தைச் சொல்லி, தம் பெயரிட்டுச் சென்றார்.

முடிக்குமுன் ஒன்று. இதுவரை நான் இளைஞன், மகன், அவன் என்றே சொல்லிவந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கிடைத்த பாடல்கள் ஆண்களின் விடுதியிலிருந்து கிடைத்தவை. பெண்களும் அத்தீவில் இருந்தார்கள். அவர்களும் விசாரிக்கப்பட்டார்கள், அவர்களும் காத்திருந்தார்கள். ஈராண்டு அளவு தடுத்துவைக்கப்பட்டவர்களுள் பெண்ணொருத்தியும் இருந்தாள். அவர்களைப் பிற்காலத்தில் நிர்வாகக் கட்டடத்தில்தான் தங்கவைத்தார்கள். அங்கும் சுவரில் பாடல்கள் இருந்தன என்று, தங்கியிருந்த பெண்கள் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கின்றனர். 1940இல் எரிந்தது அந்தக் கட்டடம். அதற்குள் ஒரு ஸ்மைலி ஜானோ, ஒரு டெட் யீயோ தாளும் பென்சிலுமாகப் புகுந்ததில்லை. இன்று அவ்விடத்தில் சுவரில்லை; குடாவின் கரையில் வெறும் தரை இருக்கிறது. வருகிறவர்கள் அதைக் கடந்துதான் ஆண்கள் விடுதிக்கு ஏறிப்போகிறார்கள். நானும் அவ்வாறே நிற்காமல் கடந்து போனேன். திரும்பி வந்து நூலைப் படித்த பின்புதான் எதைக் கடந்தேன் என்று தெரிந்தது.

மலர்க்குழுவின் மேசையில் கிடந்த அந்த இரண்டு தாள்களும் இப்போது எங்கே இருக்கின்றன என்று செயலாளர் விழா முடிந்தபின் எனக்குச் சொல்ல வேண்டும். நான் படியெடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.